இரும்பு மாத்திரை தொடங்கியபிறகு நெஞ்செரிச்சல் கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா?

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்செரிச்சலுக்காக மூன்று வருடமாகத் தினமும் பான்டபிரசோல் சாப்பிடுகிறார். தைராய்டு மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் உண்டு. நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 என்று வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதோடு அவராகவே மூன்றைச் சேர்த்துக்கொண்டார். அம்லோடிபின் “கால்சியத்தைத் தடுக்கும் மருந்து” என்று படித்ததால் கால்சியம் கார்பனேட், முடி கொட்டுவதற்கு ஜிங்க் 50 மி.கி., இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்கு மெக்னீசியம்.

“எல்லாவற்றையும் ஞாபகமாகப் போடவேண்டுமே என்று படுக்கப் போகும் முன் ஒரே கையில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவேன்” என்று எழுதுகிறார். இரண்டு மாதமாக எரிச்சல் கூடியிருக்கிறது. பத்து நாளாக, சாப்பிடும்போது நடு நெஞ்சில் ஏதோ உரசுவதுபோல் வலிக்கிறது. இதற்கிடையில் வெறும் வயிற்றில் சமையல் சோடா கலந்த தண்ணீரைக் குடித்து எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று பார்த்திருக்கிறார். ஏப்பம் தாமதமாக வந்ததால், தன் வயிற்றில் அமிலம் குறைவு, தாதுச்சத்துக் குறைவால்தான் எதுக்களிப்பு என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். பான்டபிரசோலையும் இரும்பையும் நிறுத்திவிட்டு, மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் மட்டும் தொடரலாமா என்பது அவர் கேள்வி. மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறதாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேசவேண்டும்: விழுங்கும்போது வலிக்கிறது என்ற வரி. நெஞ்செரிச்சல் வேறு, விழுங்கும்போது வலி வேறு. முன்னது பல வருடம் இருக்கலாம். பின்னது புதிதாக வந்தால், உணவுக்குழாயின் உள்தோலில் புண் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே தொலைபேசியில் இந்த ஒரு வரியைச் சொல்லி, முன்னதாக நேரம் கேளுங்கள்.

இன்றிரவே மாற்றவேண்டியது

இரும்பு மாத்திரையே உணவுக்குழாயில் புண் உண்டாக்கக்கூடியது. விழுங்கிய மாத்திரை நேராக இரைப்பைக்குப் போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தண்ணீர் போதாமலோ, விழுங்கிய உடனே படுத்தாலோ அது பாதி வழியில் தங்கிவிடும். மார்பின் நடுவே, பெருந்தமனி வளைந்து உணவுக்குழாயைச் சற்றே அழுத்துகிற இடத்தில் தங்குவது அதிகம். நீங்கள் வலி என்று காட்டும் இடமும் ஏறக்குறைய அதுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஓர் இரும்பு மாத்திரையை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து மடித்து, கால் மணி நேரம் விட்டுப் பிரியுங்கள். மேல்பூச்சு இளகி மாத்திரை துணியோடு ஒட்டியிருக்கலாம், துருவின் நிறத்தில் கறை இறங்கியிருக்கலாம். உணவுக்குழாயின் மெல்லிய தோலில் ராத்திரி முழுக்க அது ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே புரியும். எண்டோஸ்கோபி செய்யும்போது இப்படிப்பட்ட புண்ணின் மேல் பழுப்பு நிறத் துகள்கள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். முதலில் பார்க்கும்போது யாரோ தேய்த்துவிட்ட கறைபோலத்தான் அது தோன்றும்.

அதனால் இரும்பு மாத்திரையை மருத்துவரைப் பார்க்கும்வரை நிறுத்திவையுங்கள். நேரம் கேட்டுப் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள். ஹீமோகுளோபின் 9.8 என்பது சரிசெய்ய வேண்டிய அளவுதான், ஆனால் சில நாள் இடைவெளியில் ஆபத்து எதுவும் வந்துவிடாது. மற்ற மாத்திரை எதுவானாலும் உட்கார்ந்தோ நின்றோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, ஒவ்வொன்றாக விழுங்குங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். தைராய்டு மாத்திரையையும் அம்லோடிபினையும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன

தாதுச்சத்துக் குறைவால் எதுக்களிப்பு வருகிறது என்கிறீர்கள். எதுக்களிப்பு வருவதற்குக் காரணம் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் சுருக்குத்தசை. அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்து திறப்பதால் அமிலம் மேலே ஏறுகிறது. வயிற்றுப் பருமன், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருப்பது, சாப்பிட்டதும் படுப்பது எல்லாம் இதைக் கூட்டும். மெக்னீசியமோ கால்சியமோ குறைந்ததால் அந்தத் தசை பழுதாகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது தலைகீழாக இருக்கலாம். பான்டபிரசோல் போன்ற மருந்துகளை நீண்டநாள் சாப்பிடுகிற சிலருக்கு, குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்து ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2011இல் எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களிடம்தான் இது தெரியவருகிறது. தசைப்பிடிப்பு, கை நடுக்கம், படபடப்பு இதன் அறிகுறிகள். நீங்கள் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறீர்கள், கெண்டைக்கால் பிடிக்கிறது என்கிறீர்கள். ஆக, மெக்னீசியம் குறைந்ததால் எதுக்களிப்பு வந்தது என்று நீங்கள் நினைப்பதைவிட, எதுக்களிப்புக்குச் சாப்பிட்ட மருந்தால் மெக்னீசியம் குறைந்திருக்குமோ என்று சந்தேகப்படத்தான் அதிக நியாயம் இருக்கிறது. ரத்தத்தில் மெக்னீசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் இப்போது மெக்னீசியம் எடுத்துக்கொண்டிருப்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். கால் பிடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், பரிசோதனை செய்யாமல் முடிவுக்கு வரவேண்டாம்.

சமையல் சோடா சோதனையை மறந்துவிடுங்கள். ஏப்பம் எப்போது வருகிறது என்பது விழுங்கிய காற்றையும், குடித்த வேகத்தையும், இரைப்பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதையும் பொறுத்தது. அதை வைத்து அமிலத்தை அளக்க முடியாது. போதாததற்கு, தினமும் பான்டபிரசோல் சாப்பிடுகிறவருக்கு அமிலம் குறைவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? அந்த மருந்தின் வேலையே அதுதான். இன்னொன்று, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் ஏறக்குறைய 1,200 மி.கி. சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம் இருக்கும் நீங்கள் அதைக் குடிக்கவே வேண்டாம்.

அம்லோடிபின் பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். அது ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாசலைத்தான் முக்கியமாக அடைக்கிறது. எலும்பிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ கால்சியத்தை எடுத்துவிடுவதில்லை. அதை ஈடுகட்டக் கால்சியம் சாப்பிடத் தேவையில்லை. ஆனால் உங்கள் எதுக்களிப்பில் அம்லோடிபினுக்கு வேறொரு பங்கு இருக்கலாம். நான் சொன்ன அந்தச் சுருக்குத்தசையையும் அது கொஞ்சம் தளர்த்தும். எரிச்சல் தொடங்கியது இந்த மாத்திரைக்கு முன்பா பின்பா என்று நினைவுபடுத்திப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு வேறு வகை மருந்துகள் இருக்கின்றன, மாற்றுவதை அவர் முடிவு செய்வார்.

ஒவ்வொரு தாதுவும் வயிற்றில் என்ன செய்கிறது

கால்சியம் கார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும் பொருள்தான். பல அமிலமுறி மாத்திரைகளில் இருப்பதும் இதுவே. அதனால் அதைச் சாப்பிட்டதும் கொஞ்சம் இதமாக இருப்பது உண்மை. வெறும் வயிற்றில் அந்த இதம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிற்கும், உணவுக்குப் பின் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் வரை. அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு உண்டாகி ஏப்பம் வரும், ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரலாம். கால்சியம் இரைப்பையைத் தூண்டி மறுபடி அமிலம் சுரக்க வைப்பதும் உண்டு. எலும்புக்காக என்றால் இன்னொரு சிக்கல்: கார்பனேட் வகை கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கோ அதைப் பான்டபிரசோல் குறைத்துவிட்டது. உங்களைப் போன்றவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். அதற்கு அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை. ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் எடுத்தால் உடல் சரியாக உறிஞ்சாது. உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு உணவையும் சேர்த்து 1,000 முதல் 1,200 மி.கி. போதும். உணவிலேயே பெரும்பகுதி கிடைத்துவிட்டால் மாத்திரையே வேண்டியதில்லை.

மெக்னீசியத்தில் எந்த உப்பு என்பதைப் பார்க்கவேண்டும். ஹைட்ராக்சைடு, கார்பனேட், ஆக்சைடு வகைகள் அமிலத்தைச் சமன் செய்யும், அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும். கிளைசினேட் வயிற்றைத் தொந்தரவு செய்வது குறைவு, அமிலத்தைத் தணிக்கும் என்று அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரையாக எடுத்துக்கொள்ளும் மெக்னீசியத்துக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 350 மி.கி. என்று அமெரிக்க வழிகாட்டுதல் எல்லை வைத்திருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அதுவும் ஆபத்து, ஏனென்றால் மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை உங்களுக்குச் செய்து எத்தனை மாதம் ஆகிறது? கடிதத்தில் அது இல்லை.

ஜிங்க் 50 மி.கி. உங்களுக்கு வேண்டாம். உணவும் மாத்திரையும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 40 மி.கி.தான் மேல் எல்லை. வெறும் வயிற்றில் குமட்டும், இரைப்பையை உறுத்தும். மாதக்கணக்கில் அதிக அளவில் எடுத்தால் உடலில் தாமிரம் குறைந்து, அதனாலேயே ரத்தசோகை வரலாம். முடி கொட்டுவதற்கு உங்களிடம் ஏற்கெனவே இரண்டு காரணங்கள் கைவசம் இருக்கின்றன, இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும். அவற்றைச் சரிசெய்தால் தலைமுடியும் தேறும்.

இவை எல்லாவற்றையும்விட, ஒரே கையில் வைத்து விழுங்கியதால் வந்த நஷ்டம் பெரிது. கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்குள் போகவிடாது. அதனால் தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான்கு மாதமாக நீங்கள் இரும்பு சாப்பிட்டும் களைப்பு போகவில்லை என்றால், தைராய்டு அளவு கலைந்திருந்தால், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்ஹெச் பரிசோதனையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி நேர அட்டவணை சொல்கிறேன்: எழுந்ததும் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்துப் பான்டபிரசோல், இன்னும் அரை மணி கழித்துக் காலை உணவு. இரும்பு மறுபடி தொடங்கினால் மதியத்தில். கால்சியம் தேவைப்பட்டால் இரவு உணவோடு, அந்த இரவு உணவும் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால்.

இரும்பு ஏன் குறைந்தது?

இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு ஃபெரிட்டின் 8 என்றால், மாத்திரை எழுதிக்கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேடவேண்டும். எதுக்களிப்பால் உணவுக்குழாயில் வந்த புண்ணிலிருந்து கசியலாம். மார்புக்குள் ஏறிய இரைப்பைப் பகுதியில் உரசல் புண்கள் வந்து மெல்ல மெல்ல ரத்தம் போகலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், வலி மாத்திரைகளால் வந்த புண் என்று காரணங்கள் பல. பெருங்குடலில் கட்டி இருக்கிறதா என்பதும் பார்க்கவேண்டியவற்றில் ஒன்று. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்கள் வயதில், உங்கள் எண்களுக்கு, மேல்வழியும் கீழ்வழியும் எண்டோஸ்கோபி செய்வது வழக்கமான நடைமுறை. செய்யச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பான்டபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு சரியாகச் சேராமல் போவதும் உண்டு. ஆனால் முதலிலேயே அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தேடுவதை நிறுத்தக்கூடாது.

புண் ஆறிய பிறகு இரும்பு மறுபடி வேண்டியிருக்கும். அதற்கு வழிகள் இருக்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே ஒரு மாத்திரை போதும் என்று இப்போது பலரும் கொடுக்கிறோம். இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, சுமார் 24 மணி நேரம் அடுத்த இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தினமும் போட்டால் உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கிடந்து உறுத்துவதுதான் மிச்சம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரவ மருந்தாக எடுக்கலாம், பல்லில் கறை படியாமல் உறிஞ்சுகுழலில் குடிக்கவேண்டும். குடலில் போய்த்தான் கரையும் பூச்சு போட்ட மாத்திரைகள் வயிற்றை உறுத்தாது, ஆனால் இரும்பு அதிகம் சேரும் இடத்தைத் தாண்டிப் போய்க் கரைவதால் பலன் குறைவு. உணவோடு எடுத்தால் எரிச்சல் குறையும், சேரும் அளவும் குறையும். டீயும் காபியும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எதுவும் சரிப்படாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றிவிடலாம். வயிற்றைத் தொடாமலே காரியம் முடியும்.

பான்டபிரசோலை நிறுத்தலாமா?

இப்போது வேண்டாம். விழுங்கும்போது வலி இருக்கும் நேரத்தில் அமிலத்தைக் கூடவிடுவது புண்ணில் உப்பைத் தேய்ப்பது போல. எண்டோஸ்கோபி முடிந்தபின் பேசலாம். உணவுக்குழாயில் கடுமையான அரிப்போ, நீண்டநாள் அமிலம் பட்டு உள்தோலின் தன்மையே மாறிவிடும் பாரெட் மாற்றமோ தெரிந்தால் மருந்தைத் தொடரவேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் குறைப்பது நல்லதுதான், அந்த அளவில் உங்கள் எண்ணம் சரி.

ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நெஞ்செரிச்சலே இல்லாத நலமான ஆட்களுக்கு 8 வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. நிறுத்தியபின் அவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன. அடக்கிவைத்த அமிலம் கொஞ்ச நாள் துள்ளிக்குதிக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து “ஐயோ, மருந்தில்லாமல் முடியாதுபோல” என்று பலர் பழையபடி தொடங்கிவிடுகிறார்கள். அளவைப் பாதியாக்கி இரண்டிலிருந்து நான்கு வாரம், பிறகு தேவைப்படும் நாளில் மட்டும் என்று இறங்கலாம். இடையில் எரிந்தால், வயிற்றில் உள்ளதன் மேல் நுரைப்படலம்போல் மிதந்து நிற்கும் ஆல்ஜினேட் மருந்து கைகொடுக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறுதான் அழுந்தும். இடது பக்கம் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நீங்களாக வாங்கிய மூன்றையும் மறைக்காமல் மேசைமேல் வையுங்கள். எதை எந்த நேரத்தில், எவ்வளவு தண்ணீரோடு என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

அதற்குள் தண்ணீர்கூட இறங்காமல் அடைத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மலத்தின் நிறத்தையும் கவனியுங்கள். இரும்பு மாத்திரையால் கரும்பச்சையாகப் போவது சாதாரணம். தார்போல் பளபளவென்று பிசுபிசுத்து, கடுமையான நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். இரும்பை நிறுத்தி நாலைந்து நாள் ஆனபிறகும் கருப்பாகவே போனால் மாத்திரையைக் காரணம் சொல்லிக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.